ஐந்து பேர் குடியிருக்கும் வீடு: லைசென்ஸ் இல்லை என்று கவுன்சில் கடிதம்

கேள்வி: லண்டனில் கீழும் மேலுமாக இரண்டு தளமுள்ள எங்கள் வீட்டை அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒரு கணவன் மனைவி, மூன்று மாணவர்கள். சமையலறையும் குளியலறையும் எல்லோருக்கும் பொது. பல குடும்பங்கள் பகிர்ந்து வாழும் வீட்டை வாடகைக்கு விடுவதற்கான லைசென்ஸ் இல்லை என்று கவுன்சிலிலிருந்து (உள்ளூராட்சி மன்றம்) கடிதம் வந்திருக்கிறது. மூன்று தளம் இருந்தால்தான் லைசென்ஸ் வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னாரே? மாணவர்கள் மூவரும் ஒரே ஊர்க்காரர்கள், அண்ணன் தம்பி மாதிரி. ஒருவரை அனுப்பிவிட்டால் பிரச்சினை தீருமா?

பதில்: ஏஜென்ட் சொன்னது ஒரு காலத்தில் சரி. இங்கிலாந்தில் அந்த மூன்று தள நிபந்தனையை 2018 அக்டோபர் 1 முதல் எடுத்துவிட்டார்கள். இப்போது தலைக்கணக்குதான். ஐந்து பேரோ அதற்கு மேலோ, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களாக, சமையலறை, குளியலறையைப் பொதுவாகப் புழங்கினால் லைசென்ஸ் கட்டாயம்.

உங்கள் வீட்டில் கணவன் மனைவி ஒரு குடும்பம்; மாணவர்கள் ஆளுக்கொரு குடும்பம். 'அண்ணன் தம்பி மாதிரி' என்பதில் அந்த 'மாதிரி' சட்டத்தில் செல்லாது. 2004 வீட்டுவசதிச் சட்டம் சித்தப்பா பிள்ளை, மாமா பிள்ளை வரை உறவாக ஏற்கிறது. ஊர்ப்பாசம் அதில் இல்லை. சரி, அந்தத் தம்பதிக்கு நாளை குழந்தை பிறந்தால்? அதுவும் ஒரு தலைதான்.

ஒருவரை அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். பல கவுன்சில்கள் மூன்று, நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கும் லைசென்ஸ் கேட்கின்றன. அனுப்பினாலும் இதுவரை நடந்தது நடந்ததுதான். அவசரப்பட்டுப் பூட்டை மாற்றினால் அது தனிக் குற்றம். போனவர் தீர்ப்பாயத்துக்குப் போய், கட்டிய வாடகையைத் திருப்பிக் கேட்கலாம். 12 மாத வாடகை வரை என்றிருந்த அந்த உச்சவரம்பை 2025-இல் வந்த புதிய சட்டம் 24 மாதமாக உயர்த்தியிருக்கிறது. கவுன்சில் போடும் அபராதம் வேறு. அது பல்லாயிரம் பவுண்டு வரை போகும்.

இன்றே விண்ணப்பம் போடுங்கள். கட்டணமும் கேட்ட ஆவணங்களும் சேர்த்து முறையாகப் போட்டுவிட்டால், லைசென்ஸ் கைக்கு வரும் முன்பே, அந்த நாளிலிருந்து, லைசென்ஸ் இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு உங்களுக்கு அது ஒரு சட்டபூர்வமான எதிர்வாதம். பாதி நிரப்பி அனுப்பிய படிவம் அந்தக் கணக்கில் வராது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம், ஆய்வாளர் வரும் முன் டேப்பை எடுத்துச் சின்ன அறையை நீங்களே அளந்துவிடுங்கள். பெரியவர் ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. இருவர் என்றால் 10.22. இரண்டுக்கு மூன்று மீட்டர் அறை 6 சதுர மீட்டர்தான். கட்டிலும் மேசையும் தாராளமாகப் பிடித்தாலும் தேறாது. கூரை சரிந்து உயரம் 1.5 மீட்டருக்குக் கீழே போகும் பகுதியையும் கழித்துவிடுவார்கள். மாணவர்களில் ஒருவர் அப்படிப்பட்ட அறையில் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்.

கேஸ் சோதனை வருடந்தோறும், அதுவும் கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்ய அனுமதி பெற்றவர்களின் பதிவேடு) பதிவு உள்ளவர் செய்ததாக இருக்க வேண்டும். மின்சாரச் சோதனை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது. இரண்டு தளத்திலும் புகை அலாரம், பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம். படுக்கையறைப் பூட்டுகளையும் பாருங்கள்: உள்ளே இருப்பவர் சாவி தேடாமல் திறக்கும்படி இருக்க வேண்டும். இரவில் தீப்பிடித்தால் புகையில் யார் சாவி தேடுவது?

ஏஜென்டை நம்பினேன் என்பது மட்டும் பெரும்பாலும் எடுபடாது. ஆனாலும் அவர் எழுத்தில் சொல்லியிருந்தால் அந்த மின்னஞ்சலை எடுத்து வையுங்கள். அபராதத்தைக் குறைத்துக் கேட்க உதவும். கடிதத்தில் குறித்த தேதிக்குள் பதில் போடுங்கள். நேரில் விசாரணைக்கு அழைத்தால் வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள். அங்கே நீங்கள் சொல்வதெல்லாம் பதிவாகும்.