ஆட்டோஃப்ளவர் கஞ்சாச் செடியிலிருந்து போத்து எடுத்து வளர்க்க முடியுமா?

கேள்வி கேட்டவர் ஜெர்மனியில் வசிக்கிறார். பால்கனியில், பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் தானாகப் பூக்கும் ஆட்டோஃப்ளவர் ரகச் செடி ஒன்று இருக்கிறதாம். ஒவ்வொரு முறையும் விதை வாங்கக் கட்டுப்படியாகவில்லை, செம்பருத்திக்கும் முருங்கைக்கும் செய்வதுபோல் இதிலும் கிளையை ஒடித்து வைத்து அடுத்த செடிகளை உண்டாக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

வேர் பிடிக்கும். பலன் இருக்காது. விதைக்காசை மிச்சப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் இது அதற்கான வழியே அல்ல.

நானும் இங்கேதான், ஓர் அலங்காரச் செடி நாற்றங்காலில் வேலை செய்கிறேன். போத்து வெட்டுவது என் அன்றாடப் பிழைப்பு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதற்கு முன் சட்டம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல், 18 வயது நிறைந்து, குறைந்தது ஆறு மாதமாக இங்கே வசிப்பவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று செடி வரை வளர்க்கலாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் கதையே வேறு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி கஞ்சா பயிரிட்டால் பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இலங்கையிலும் வீட்டில் வளர்ப்பது குற்றம். ஊரிலிருந்து படிப்பவர்கள் இதைத் தாவரவியலாக மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்து உழவர்களுக்கு இந்த விஷயத்தை விளக்கவே தேவையில்லை. பழைய சம்பா ரகங்களில் பல, பகல் பொழுது குறையும்வரை கதிர் தள்ளாது. அவசரப்பட்டு முன்னதாக விதைத்தால் ஆள் உயரத்துக்கு வளர்ந்துகொண்டே போகுமே தவிர, பருவம் வந்தால்தான் பூக்கும். குறுவைக்குப் போடும் ஆடுதுறை 43 போன்ற ரகங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. விதைத்து ஏறத்தாழ 110 நாளில் அறுவடைக்கு நிற்கும். கஞ்சாவிலும் இதே இரண்டு வகை உண்டு. வழக்கமான ரகங்கள் சம்பாவைப் போல: இரவு நீண்டால்தான் பூக்கும், பகல் நீளமாக இருக்கும்வரை இலையும் கிளையுமாகவே இருக்கும். ஆட்டோஃப்ளவர் குறுவையைப் போல: முளைத்து மூன்று முதல் ஐந்து வாரத்தில், விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தாலும், தானாகப் பூக்கத் தொடங்கிவிடும். பெரும்பாலும் பத்து வாரத்துக்கு முன்பின்னாக வாழ்நாளே முடிந்துவிடும்.

இந்தக் குணம் ருடெராலிஸ் என்னும் காட்டு வகையிலிருந்து வந்தது. ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி 1924இல் அதைத் தனி இனமாக விவரித்துப் பெயர் வைத்தார். கோடை குறுகிய நிலங்களில், பகல் குறையட்டும் என்று காத்திருந்தால் விதை முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். அதனால் வயதைப் பார்த்துப் பூக்கும் செடிகளே அங்கே தப்பிப் பிழைத்தன. அந்தக் குள்ளச் செடியைத் தோட்ட ரகங்களோடு கலந்து உருவானவைதான் இன்றைய ஆட்டோ ரகங்கள். 2000களின் தொடக்கத்தில் கனடாவிலிருந்து வந்த லோரைடர் என்ற ரகம்தான் இவற்றை உலகெங்கும் பிரபலமாக்கியது.

இப்போது போத்துக்கு வருகிறேன். ஒரு கிளையை வெட்டி நட்டால் அது புதிதாகப் பிறந்த செடி ஆகிவிடாது. தாய்ச்செடியின் மரபணுவோடு அதன் வயதையும் சேர்த்தே கொண்டுவருகிறது. வழக்கமான ரகத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. நீண்ட பகலில் வைத்திருக்கும்வரை அது பூக்காது. தாய்ச்செடி ஒன்றைப் பதினெட்டு மணி நேர விளக்கில் ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டு அதிலிருந்து போத்து எடுத்துக்கொண்டே இருக்கலாம். ஆட்டோ ரகத்தைப் பிடித்து நிறுத்த அப்படி ஒரு கடிவாளம் கிடையாது.

கணக்கைப் பாருங்கள். வெட்டுவதற்குக் கிளை என்று ஒன்று வேண்டுமே, அதற்கே மூன்று வாரம் ஆகும். வெட்டிய துண்டு வேர்விட ஒன்றிலிருந்து இரண்டு வாரம். அந்த நாட்களில் அது வளர்வதில்லை. தண்ணீர் குடிக்க வழியில்லாமல், இலையில் இருந்த சேமிப்பைச் செலவழித்து உயிர்வாழ்கிறது. வேர் வந்து நிமிரும்போது தாய்ச்செடி பூக்கத் தொடங்கியிருக்கும். அதே நேரத்தில் இதுவும் பூக்கும். வேரும் இலையும் போதாத ஒரு குச்சி எத்தனை பூவைத் தாங்கும்?

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இப்படி ஒன்றை வளர்த்துக்கொண்டு வந்து காட்டினார். தயிர் டப்பாவில், சாண் உயரத்தில் நின்றது. வேர் நன்றாகவே பிடித்திருந்தது. டப்பாவின் அடி ஓட்டை வழியாக வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. கீழ் இலைகள் இரண்டும் மஞ்சளாகித் தொங்கின. பக்கக் கிளை ஒன்றுகூட இல்லை. நுனியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரே ஒரு பூங்கொத்து, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வெள்ளை இழைகள் சில ஏற்கெனவே பழுப்பாகியிருந்தன. அவர் பெருமையோடுதான் காட்டினார். வேர்பிடிக்க வைத்த வகையில் அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் காய்ந்த பிறகு அந்தக் கொத்து ஒரு கிராம் தேறியிருக்காது.

வேதியியல் ஊக்கி போட்டால் சரியாகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். வேர் ஊக்கியில் இருப்பது ஆக்சின். வெட்டிய இடத்தில் வேர் உண்டாக்குவதே அதன் வேலை. பூக்கும் முடிவை அது மாற்றாது.

புகையிலையில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத விஸ்கான்சின் 38 என்ற புகையிலை ரகத்தை வைத்து, அமெரிக்க ஆய்வாளர் கார்ல் மெக்டேனியல் 1980களில் தொடர்ந்து வேலை செய்தார். இளஞ்செடியின் நுனியை வெட்டி வேர்விடச் செய்தால், அது விதைச் செடி மாதிரி மீண்டும் முழு எண்ணிக்கையில் கணுக்களை உண்டாக்கிவிட்டுத்தான் பூத்தது. வயதான செடியின் நுனி மொட்டோ, வெட்டி வேறு தொட்டியில் வைத்தாலும், தாயிலேயே இருந்திருந்தால் எத்தனை கணு விட்டிருக்குமோ அத்தனை மட்டும் விட்டுப் பூத்தது. மொட்டுக்குள் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. புகையிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்து பல கணு விட்ட பிறகே பூப்பதால், முடிவு ஆவதற்கு முன்னால் வெட்ட நிறைய அவகாசம் இருக்கிறது. ஆட்டோ கஞ்சாவில் கிளை என்று சொல்லும்படி ஒன்று வரும்போதே அந்த அவகாசம் தீர்ந்துபோகிறது.

யூடியூபில் ஆட்டோ செடியின் போத்தை வெற்றிகரமாக வளர்த்தோம் என்று காட்டுகிறார்களே என்றால், காட்டுவது பொய் இல்லை. வேர்விட்டதைக் காட்டுவார்கள். அறுவடையை எடை போட்டுக் காட்டுவதைத் தேடிப் பாருங்கள். இன்னொரு குழப்பமும் உண்டு: பூத்துவிட்ட செடியிலிருந்து போத்து எடுத்து, நீண்ட பகலில் வைத்து, மறுபடி இலைப் பருவத்துக்குத் திருப்புகிறார்கள். ஒற்றை விரல் இலைகளாக விசித்திரமாகத் தளிர்த்து, சில வாரங்களில் சரியாகிவிடும். அது வழக்கமான ரகத்தில் நடக்கும் வித்தை. ஒளிக்குக் கட்டுப்படாத ஆட்டோவிடம் அது செல்லாது.

தாய்ச்செடிக்கு ஆகும் நட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான செடியை வெட்டினால் ஆறி எழ இன்னும் இரண்டு வாரம் கொடுத்துவிட்டு அப்புறம் பூக்க விடலாம். ஆட்டோவுக்கு அப்படி நாள் கூட்டித் தர நம்மால் முடியாது. நீங்கள் வெட்டும் பக்கக் கிளைதான் இன்னும் ஒரு மாதத்தில் நல்ல பூங்கொத்தாக ஆகியிருக்கும்.

ஜெர்மானியச் சட்டத்தில் இதோடு அழகாகப் பொருந்தும் ஓரிடம் இருக்கிறது. வளர்ப்பதற்கான போத்து என்றால் என்ன என்று வரையறுக்கும்போது, அதில் பூங்கொத்தோ காய்க்கொத்தோ இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். பூ வைத்த ஆட்டோ குச்சி அந்த வரையறைக்குள் வராது. தொட்டியில் பூத்து நிற்கும் அந்தச் சாண் உயரக் குச்சியும் உங்கள் மூன்று செடிகளில் ஒன்றாகிவிடும். மூன்றே இடம் இருக்கும்போது ஒன்றை இதற்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

போத்துதான் வேண்டும் என்றால் வழக்கமான ரகத்துக்கு மாறுங்கள். அனுமதி பெற்ற கஞ்சா வளர்ப்புச் சங்கங்கள், தங்கள் உறுப்பினர் அல்லாத பெரியவர்களுக்கும் மாதத்துக்கு ஐந்து போத்து வரை, அல்லது ஏழு விதை வரை, தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. வீட்டில் எடுப்பதென்றால் கீழ்ப் பகுதியில் உள்ள இளங்கிளையை, சுத்தமான கத்தியால், கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, ஈரம் போகாத மூடிக்குள், மங்கலான வெளிச்சத்தில் வையுங்கள். நாற்றங்காலில் மற்றச் செடிகளுக்குச் செய்வதும் இதுதான். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் பால்கனிதான் உங்கள் இடம் என்பதை மறக்க வேண்டாம். இங்கே ஜூனில் பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல். அதனால் அந்த ரகங்கள் ஆகஸ்டில்தான் பூக்கத் தொடங்கும், பல அக்டோபர் வரை இழுக்கும், இலையுதிர்கால மழையில் கொத்துக்குள்ளே சாம்பல் பூஞ்சை பிடிக்கும். மே மாதம் விதைத்து ஆகஸ்டு முடிவதற்குள் வேலையை முடிக்கத்தான் பலர் ஆட்டோவையே தேர்ந்தெடுக்கிறார்கள். என் கருத்தில், பால்கனிக்கு ஆட்டோ விதையே லாபம். பிற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து தனிப்பயன்பாட்டுக்கு விதை வரவழைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. விலையை ஒப்பிட்டு வாங்கினால் ஒரு செடிக்கான செலவு பெரிதாக உறுத்தாது.

சொந்தமாக விதை எடுப்பதும் ஒரு வழி. பெற்றோர் இரண்டும் ஆட்டோவாக இருக்க வேண்டும். அந்தக் குணம் ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் என்பதால், வழக்கமான ரகத்தோடு கலந்தால் முதல் தலைமுறை தானாகப் பூக்காது. அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்று பூக்கும். ஆண் செடியின் மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும் என்பதையும், மேல்மாடிக்காரர் பால்கனியிலும் மூன்று செடி இருக்கக்கூடும் என்பதையும் யோசித்துவிட்டு இதில் இறங்குங்கள்.

ஏற்கெனவே வெட்டிவிட்டீர்கள் என்றால் தாயை இனித் தொடாமல் விடுங்கள். காற்றில் கிளை முறிந்து, தோல் ஒட்டிக்கொண்டு தொங்கினால் அதையும் வெட்டிப் போத்தாக்க வேண்டாம். முறிந்த இடத்தை ஒட்டவைத்து, ஒரு குச்சியை அணைகொடுத்து நாடாவால் சுற்றிவிட்டால், பெரும்பாலும் ஒரு வாரத்தில் கூடிவிடும்.