காட்டோரம் இரண்டு ஏக்கரை விலங்குகளுக்கு விட்டால் பணம் கிடைக்குமா?

கேள்வி: அஞ்செட்டி பக்கத்தில் எங்களுக்கு ஆறு ஏக்கர் இருக்கிறது. நாலு ஏக்கரில் ராகி, அவரை. காட்டை ஒட்டிய இரண்டு ஏக்கர் பாறையும் முள்ளுமாகச் சும்மா கிடக்கிறது; யானைகள் அதன் வழியாகத்தான் வருகின்றன. அரிய விலங்குகளுக்கு இடம் விட்டால் அமெரிக்காவில் பணமும் வரிச்சலுகையும் உண்டாமே, இங்கே உண்டா? கார்பன் கிரெடிட் (மரங்கள் உறிஞ்சும் கரியமில வாயுவை டன் கணக்கில் விற்பது) கம்பெனி ஒன்று 30 வருட ஒப்பந்தம் கேட்கிறது. பட்டா இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறது.

பதில்: ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். முதல் வேலை பட்டா.

அமெரிக்கக் கதை வேறு. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைக் காக்கும் 1973 சட்டத்துக்குப் பிறகு, அரிய மரங்கொத்தி கூடு கட்டிவிட்டால் நிலத்தைத் தொட முடியாதே என்று பயந்து பைன் மரங்களை முன்கூட்டியே வெட்டியவர்கள் உண்டு. அதனால்தான் 1995இல் வட கரோலினாவில், இன்று இருப்பது குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும், கூடுதலாக வரும் பறவைக்காகப் புதுக் கட்டுப்பாடு இல்லை என்ற ஒப்பந்த முறை வந்தது. நிலத்தில் கட்டடம் கட்டும் உரிமையை நிரந்தரமாக விட்டுக்கொடுத்தால் அங்கே வருமான வரியிலும் கழிவு உண்டு. நம் வரிச்சட்டத்தில் அதற்கு இணையாக எதுவும் இல்லை. நன்கொடைக்கான கழிவுகூடப் பணமாகக் கொடுத்தால்தான். நிலத்தைத் தானமாக எழுதிவைத்தாலும் கிடைக்காது.

இங்கே சட்டப்படி உள்ள வழி, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36சி பிரிவு. நீங்களாக முன்வந்தால் பட்டா நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அரசு அறிவிக்கலாம். காவேரி வடக்கு, காவேரி தெற்கு சரணாலய எல்லைக்குள் உங்கள் சர்வே எண் வந்தால் முடியாது. முதலில் அதைப் பாருங்கள். நிலம் உங்கள் பேரிலேயே இருக்கும். 2022 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகக் குழுவில் உங்களுக்கும் இடம் உண்டு. ஆனால் நிலப் பயன்பாட்டை மாற்றக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும், அதற்காக வருடாவருடம் உங்களுக்கு இவ்வளவு என்று சட்டம் எதையும் சொல்லவில்லை. மகள் கல்யாணத்துக்கு அடமானம் வைக்கவேண்டி வரலாம் என்றால் இது உங்களுக்கு ஒத்துவராது.

கார்பன் ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டியது கம்பெனி சொல்லும் டன் விலையை அல்ல. உங்கள் பங்கு எத்தனை சதவீதம், அளவீட்டுச் செலவு யார் தலையில், தீ வைத்து எரிந்துபோனால் யார் பொறுப்பு, நடுவில் விலகினால் என்ன அபராதம் என்பதைத்தான். இரண்டு ஏக்கருக்கு வரும் தொகை சின்னது, கட்டுப்பாடோ ஒரு தலைமுறைக்கு. ஒப்பந்தம் நிலக் குத்தகையாக இருந்தால், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்படவேண்டும். செய்தால் வில்லங்கச் சான்றில் அது நிற்கும். இப்படி வரும் வாடகை விவசாய வருமானமும் ஆகாது, வரி உண்டு.

கைக்கு எட்டும் பணம் வேறு இடத்தில் இருக்கிறது. 2021-22இல் தொடங்கிய தமிழக அரசின் நீடித்த பசுமைப் போர்வைத் திட்டத்தில் ஏக்கருக்கு 160 மரக்கன்றுகள் இலவசம், பிழைத்த கன்றுக்கு வருடம் 7 ரூபாய் வீதம் மூன்று வருடம். இரண்டு ஏக்கரில் அத்தனையும் பிழைத்தாலே மொத்தம் 6,720 ரூபாய்தான். மண் உள்ள ஓரங்களில் மட்டும் நடுங்கள், பாறையில் நட்டால் கன்றும் போகும், கூலியும் போகும். பதிவு உழவன் செயலியில்.

பெரிய தொகை உங்கள் நாலு ஏக்கர் பயிரில்தான். யானை மிதித்த ராகிக்கு வனத்துறை இழப்பீடு உண்டு, அது நிற்பதும் விழுவதும் காகிதத்தில். தாத்தா பேரில் பட்டா, அடங்கலில் (விஏஓ வைத்திருக்கும் பயிர்ப் பதிவேடு) வேறு பயிர், அல்லது தரிசு என்ற பதிவு: மனு திரும்பி வருவது பெரும்பாலும் இந்த மூன்றால். வாரிசுச் சான்று வாங்கி, பாகம் பிரித்து, தனிப்பட்டாவாக மாற்றுங்கள். ஒவ்வொரு போகத்துக்கும் அடங்கலில் பயிரை விஏஓவிடம் ஏற்றிவிடுங்கள். சேதமானால் உழுவதற்கு முன்பே கால்தடத்துக்குப் பக்கத்தில் ஒரு முழக்கோல் வைத்துப் படமெடுத்து, அன்றைக்கே வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அந்த இரண்டு ஏக்கரும் தரிசு என்று ஏறட்டும், பரவாயில்லை. மொத்த ஆறும் அப்படி ஏறிவிட்டால் பயிர்க்கடன் சிக்கலாகும். பின்னால் விற்கும்போது விவசாய நிலம் என்று காட்டுவதும் கஷ்டம்.

காட்டு விலங்கு சேதத்தையும் 2026 காரீப் (தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடி) முதல் பயிர்க் காப்பீட்டில் சேர்ப்பதாக ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. எந்த விலங்கு, எந்தப் பகுதி என்பதை மாநில அரசு அறிவிக்கவேண்டும். பிரீமியம் கட்டும்போதே அஞ்செட்டி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். சேதத்தை 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் படத்தோடு தெரிவிக்கவேண்டும்.

வேலி விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 2023 விதிகளின்படி காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் சோலார் வேலி போட வனத்துறையில் பதிவு வேண்டும். அதே வருடம் மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே திருட்டுத்தனமாக மின்சாரம் விட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன, நிலக்காரர் கைதானார். வேலியை நாலு ஏக்கரைச் சுற்றி மட்டும் போடுங்கள். முள்ளுக்காட்டையும் சேர்த்து அடைத்தால் வழி மறிபட்ட யானை ராகிக்குள்தான் இறங்கும்.