லிட்டில் லீக் அம்பயரிங்: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் பிள்ளையை லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்பாலில் சேர்த்த அப்பா அம்மாக்களுக்கு, இரண்டாவது சீசனிலேயே முகமூடியை மாட்டிக்கொண்டு பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் அம்பயர் வேலையும் வந்து சேர்ந்துவிடுகிறது. லீக் ஓடுவதே தன்னார்வலர்களை நம்பித்தான். வந்த கேள்விகளில் அடிக்கடி சண்டைக்கு இழுப்பவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பதில்கள் மேஜர்ஸ் பிரிவுக்கானவை: 9 முதல் 12 வயது, பேஸ்களுக்கு இடையே 60 அடி, பிட்சிங் தூரம் 46 அடி, ஆறு இன்னிங்ஸ். உங்கள் லீக்கின் உள்ளூர் விதிகள் சில இடங்களில் மாறலாம். சீசனுக்கு முன் அந்தத் தாளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கே: அண்ணா, ஊர்ல கிரிக்கெட் அம்பயரிங் நிறைய பண்ணியிருக்கேன். ஆனா இங்க ஸ்டிரைக் ஸோன் பிடிபடவே மாட்டேங்குது. ரெண்டு பக்க கோச்சும் கத்துறாங்க.

ப: ஸ்டிரைக் ஸோன் என்பது பிளேட்டின் மேல் இருக்கும் கற்பனைப் பெட்டி; அதற்குள் வரும் பந்தை பேட்டர் அடிக்காமல் விட்டாலும் ஸ்டிரைக், மூன்று ஸ்டிரைக் என்றால் அவுட். கிரிக்கெட்டில் பந்து உங்களை விட்டு விலகிப் போகும். இங்கே முகத்தை நோக்கி வருகிறது. அதனால்தான் உடம்பு தானாக அசைகிறது, தலை அசைந்தால் ஸோனும் அசையும். நிற்கும் இடத்தை முதலில் சரி செய்யுங்கள். கேட்சரின் நேர் பின்னால் நிற்காமல், கேட்சருக்கும் பேட்டருக்கும் நடுவில் தெரியும் இடைவெளியில் நில்லுங்கள். உங்கள் முகவாய், கேட்சரின் ஹெல்மெட் உச்சி அளவுக்கு இருக்கட்டும். அதற்கும் கீழே குனிந்தால் தாழ்வான பந்துகள் எல்லாம் நல்ல பந்துகளாகத் தெரியும்.

பிளேட்டின் அகலம் 17 அங்குலம். பந்தின் எந்த ஓரம் பிளேட்டின் எந்த ஓரத்தை உரசினாலும் ஸ்டிரைக். பந்தே கிட்டத்தட்ட 3 அங்குலம் என்பதால் உண்மையான அகலம் 22 அங்குலத்துக்கு மேல் வந்துவிடும். உயரம், இயல்பாக நிற்கும் பேட்டரின் அக்குளிலிருந்து முழங்காலின் மேல்விளிம்பு வரை. பந்து பிளேட்டைக் கடக்கும் இடம்தான் கணக்கு, கேட்சர் பிடிக்கும் இடம் கணக்கில் இல்லை. பத்து வயதுப் பையன் மெதுவாக வீசும் பந்து பிளேட்டின் மேல் முழங்கால் உயரத்தில் கடந்து, கேட்சரின் கணுக்காலுக்கு வந்து சேரும். பார்வையாளர்கள் அந்தக் கணுக்காலைப் பார்த்துத்தான் கூச்சல் போடுகிறார்கள்.

பந்து கையுறைக்குள் போகும்வரை கண்ணால் தொடருங்கள், ஒரு மூச்சு விடுங்கள், பிறகு சொல்லுங்கள். தவறான அழைப்புகளில் பெரும்பாலானவை அவசரத்தில் வருபவை. முதல் இன்னிங்ஸில் வெளி ஓரத்தைக் கொடுத்தால் ஆறாவது வரை கொடுங்கள். சின்ன வயதில் ஸோனை இறுக்கிப் பிடித்தால் எல்லோரும் நான்கு பால் (ஸோனுக்கு வெளியே வரும் பந்து) வாங்கி நடந்தே முதல் பேஸுக்குப் போவார்கள், ஆட்டம் நகராது. என் அளவில் பக்கவாட்டில் தாராளமாக இருக்கலாம். உயரத்தில் கூடாது, கண்ணுக்கு நேரே வரும் பந்தை அடி என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது சரியில்லை.

கே: டை ஆனா (ரன்னரும் பந்தும் ஒரே நேரத்துல பேஸுக்கு வந்தா) ரன்னருக்குத்தானே சாதகம்?

ப: அப்படி ஒரு வாசகம் விதிப் புத்தகத்தில் இல்லை. பேட்டர் முதல் பேஸைத் தொடுவதற்கு முன் பேஸோ அவரோ டேக் செய்யப்பட்டால் (பந்தோடு தொடப்பட்டால்) அவுட் என்று இருக்கிறது. மற்ற ஃபோர்ஸ் ரன்னர்களுக்கோ (பின்னால் வருபவர் தள்ளுவதால் அடுத்த பேஸுக்கு ஓடியே ஆக வேண்டியவர்களுக்கோ), ஃபீல்டர் டேக் செய்வதற்கு முன் பேஸை எட்டத் தவறினால் அவுட் என்று இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து படித்தால் முதல் பேஸில் டை சேஃப், மற்ற இடத்தில் டை அவுட்! மைதானத்தில் இதைச் சொல்லி யாரிடமும் வாதாடாதீர்கள். எது முந்தியது என்று முடிவு செய்து ஒரே சொல்லில் சொல்லுங்கள். எறிதல் சரியாக வருகிறதா என்று பார்த்தவுடன் கண்ணைப் பேஸுக்கு மாற்றுங்கள். காலைக் கண்ணால் பார்க்க வேண்டும், பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் காதால் கேட்க வேண்டும். 15 அடி தள்ளி, எறிதலின் பாதைக்கு நேர் குறுக்கான கோணத்தில் நின்றால் இது எளிது. மூன்றடி பக்கத்தில் போய் நின்றால் எதுவும் தெரியாது.

கே: இன்ஃபீல்ட் ஃப்ளை சொன்னேன். ஷார்ட்ஸ்டாப் பந்தைக் கோட்டை விட்டுட்டான். ரன்னர்ங்க ஓடினாங்க, மூணாவது பேஸ்மேன் பந்தோட பேஸை மிதிச்சான். எல்லாரும் டபுள் பிளேன்னு குதிச்சாங்க. நான் முழிச்சேன்.

ப: இந்த ஒரு விதிதான் ஆண்டுதோறும் அதிகம் குழப்புகிறது. முதல், இரண்டாவது பேஸ்களில் ரன்னர்கள் (அல்லது மூன்றிலும்), இரண்டுக்கும் குறைவான அவுட், ஃபேர் பகுதியில் (இரு பக்கக் கோடுகளுக்கும் உள்ளே) உயரமாக எழும் பந்து, அதை ஒரு இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்) சாதாரண முயற்சியில் பிடிக்க முடியும் என்ற நிலை. இவ்வளவும் சேர்ந்தால்தான் இன்ஃபீல்ட் ஃப்ளை. பன்ட்டும் (பேட்டை வீசாமல் மெதுவாகத் தட்டும் அடி) நேர்கோட்டில் பாயும் அடியும் இதில் சேராது. சாதாரண முயற்சி என்பது அந்த வயதுப் பிள்ளைகளின் சராசரித் திறமையை வைத்துத்தான். டிவியில் பார்க்கும் ஷார்ட்ஸ்டாப்பை நினைத்து அழைக்காதீர்கள்.

பந்து உச்சத்தைத் தொடும்போது விரலை மேலே நீட்டி ‘இன்ஃபீல்ட் ஃப்ளை, பேட்டர் அவுட்’ என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் என்றால் ‘ஃபேர் ஆனால்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பந்து விழுந்து, யார் மேலும் படாமல், முதல் அல்லது மூன்றாவது பேஸுக்கு முன்பே வெளியே உருண்டால் வெறும் ஃபௌல், பேட்டர் தப்பித்தார்.

உங்கள் கேள்விக்கு: பேட்டர் அவுட், பந்து மட்டும் ஆட்டத்தில் இருக்கிறது. பேட்டர் அவுட் ஆகிவிட்டதால் பின்னாலிருந்து தள்ள ஆள் இல்லை, ஃபோர்ஸ் போய்விட்டது. ஆகவே பேஸை மிதித்தது செல்லாது, ரன்னரைத் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை, ரன்னர் சேஃப். ரன்னர்கள் தங்கள் பொறுப்பில் ஓடலாம், ஓடாமலும் நிற்கலாம். விதியே ஃபீல்டர் வேண்டுமென்றே பந்தை விட்டு இரண்டு பேரைச் சுலபமாக அவுட் ஆக்குவதைத் தடுக்கத்தான். கோச் பதறி ‘ஓடு ஓடு’ என்று கத்துவதற்கு அம்பயர் என்ன செய்வது?

கே: பந்து வரும் முன்னாடியே ரன்னர் பேஸை விட்டுட்டான். உடனே அவுட் குடுக்கணுமா?

ப: கூடாது. கிரிக்கெட்டில் மறுமுனை பேட்ஸ்மேன் சீக்கிரம் கிரீஸை விட்டால் பந்துவீச்சாளரே ரன் அவுட் செய்யலாம், அந்தப் பழக்கத்தில் கை தூக்கிவிடாதீர்கள். லிட்டில் லீக் மேஜர்ஸில் பந்து பேட்டரை அடையும்வரை பேஸை விடக் கூடாது. விட்டதைப் பார்த்தால் இடுப்பில் செருகியிருக்கும் சிவப்புத் துணியைக் கீழே போடுங்கள், ஆட்டத்தை நிறுத்தாதீர்கள்.

பந்து அடிபடாமல், ரன்னர் அடுத்த பேஸைத் திருட (அடி இல்லாமலே ஓடிப் பிடிக்க) முயன்று அவுட் ஆனால் அந்த அவுட் நிற்கும். சேஃப் ஆனால் பழைய பேஸுக்குத் திரும்ப வேண்டும், தண்டனை அவ்வளவுதான். பந்து அடிபட்டிருந்தால் கணக்கு சிக்கலாகும். ஒருவர் சீக்கிரம் விட்டாலும் எல்லா ரன்னர்களுக்கும் பாதிப்பு உண்டு. அந்த அடி நியாயமாக எத்தனை பேஸ் மதிப்புள்ளது என்று நீங்கள் முடிவு செய்து பேட்டருக்குக் கொடுங்கள். ரன்னர்களைப் பழைய பேஸுக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அங்கே வையுங்கள். பேஸ்கள் நிரம்பியிருந்து, இன்ஃபீல்டைத் தாண்டாத அடியில் பேட்டர் முதல் பேஸை அடைந்தால் ஒவ்வொருவரும் ஒரு பேஸ் நகர்வார்கள், மூன்றாவதில் இருந்தவருக்கு மட்டும் இடம் இருக்காது. அவர் ரன்னும் இல்லாமல், அவுட்டும் இல்லாமல், அணி உட்காரும் டக்அவுட்டுக்குப் போவார். இதைச் சொன்னால் இரண்டு மேனேஜர்களும் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார்கள். விதி அதுதான்.

கே: பந்து பேட்டர் கையில பட்டா பேட்ல பட்ட மாதிரிதானே?

ப: இல்லவே இல்லை. கை உடம்பின் பகுதி. பேட்டர் தன் பேட்டை வீசாமல், விலக முயன்று, கையில் பட்டால் முதல் பேஸ். பேட்டை வீசும்போது கையில் பட்டால் ஸ்டிரைக், டெட் பால் (ஆட்டம் அங்கேயே நிற்கும்). மூன்றாவது ஸ்டிரைக் என்றால் அவுட். பந்து கையில் பட்டு உள்ளே உருண்டு ஓடினாலும் யாரும் ஓட முடியாது. ஸோனுக்குள் வந்த பந்தில் போய் பட்டுக்கொண்டாலும் ஸ்டிரைக்தான். முதலில் பேட்டில் பட்டு பிறகு கையில் பட்டதா என்பது சத்தத்திலேயே தெரியும்.

கே: ஓவர்த்ரோ ஆச்சுன்னா ‘ஒண்ணு பிளஸ் ஒண்ணு’ (போய்க்கிட்டிருக்கிற பேஸோட இன்னொரு பேஸ்)ன்னு சொல்றாங்களே?

ப: அதுவும் கட்டுக்கதை. எறிந்த பந்து டக்அவுட்டுக்குள் அல்லது வேலிக்கு வெளியே போனால் இரண்டு பேஸ். எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் எல்லாம். அடிபட்ட பந்தின் மேல் இன்ஃபீல்டர் செய்யும் முதல் எறிதல் என்றால், பிட்ச் (பிட்சர் பேட்டருக்கு வீசும் பந்து) வீசப்பட்ட நேரத்தில் இருந்த இடத்திலிருந்து. ஷார்ட்ஸ்டாப் முதல் பேஸுக்கு எறிந்தது டக்அவுட்டுக்குள் போனது. பேட்டருக்கு இரண்டாவது பேஸ், முதல் பேஸில் இருந்தவருக்கு மூன்றாவது. மற்ற எல்லா எறிதலுக்கும், அவுட்ஃபீல்டரின் எறிதல் உட்பட, பந்து கையை விட்ட நேரத்தில் ரன்னர் இருந்த இடத்திலிருந்து எண்ணுங்கள். முதல் எறிதலானாலும், அதற்கு முன்பே பேட்டர் உட்பட எல்லோரும் ஒரு பேஸ் முன்னேறியிருந்தால் எறிந்த நேரமே கணக்கு. ரப்பரில் (நின்று வீசும் பலகையில்) நிற்கும் பிட்சர் பேஸுக்கு எறிந்து வெளியே போனால் ஒரு பேஸ்தான்.

வேலியில் பட்டு உள்ளேயே திரும்பும் பந்து உயிரோடுதான் இருக்கிறது. இந்த மாதிரி நேரங்களில் முதல் கேள்வி, பந்து டெட் ஆகிவிட்டதா என்பதாக இருக்கட்டும். அதை முடிவு செய்தால் பாதி வேலை முடிந்தது.

கே: என் பொண்ணு கேட்சர். ஹோம் பிளேட்டை மறிச்சு நின்னான்னு அப்ஸ்ட்ரக்‌ஷன் குடுத்தாங்க. ரன்னர் சறுக்கவே இல்லையே, அவன்தானே அவுட்?

ப: இரண்டையும் பிரித்துப் பாருங்கள். பந்து கையில் இல்லாமல் ரன்னரின் வழியை மறித்தால் அப்ஸ்ட்ரக்‌ஷன். பந்து வந்துகொண்டிருக்கிறது என்ற சமாதானம் லிட்டில் லீக்கில் செல்லாது, கையில் இருக்க வேண்டும். அந்த ரன்னர் மேலேயே பிளே நடக்கும்போது மறித்தால் உடனே டெட் பால், அவருக்குக் குறைந்தது ஒரு பேஸ். உங்கள் மகள் விஷயத்தில் அது ரன். வேறெங்கோ பந்து இருக்கும்போது, உதாரணமாக பேட்டர் முதல் பேஸைச் சுற்றும்போது பேஸ்மேன் குறுக்கே நின்றால், விரலை நீட்டி அப்ஸ்ட்ரக்‌ஷன் என்று சொல்லிவிட்டு ஆட்டத்தை ஓட விடுங்கள். முடிந்தபின், மறிக்காமல் இருந்திருந்தால் எங்கே சேர்ந்திருப்பாரோ அங்கே வையுங்கள்.

கட்டாயம் சறுக்க வேண்டும் என்று விதியில் கிடையாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு டேக் செய்யக் காத்திருக்கும் ஃபீல்டர் மேல் சறுக்காமலும், சுற்றிப் போக முயலாமலும் போய் மோதினால்தான் அவுட். முன்னேறும்போது தலையை முன்னால் நீட்டிச் சறுக்கினாலும் மேஜர்ஸில் அவுட்; பேஸுக்குத் திரும்பும்போது மட்டும் அனுமதி. மகளிடம் சொல்லுங்கள்: பந்து வரும்வரை ரன்னருக்குப் பிளேட்டின் ஒரு ஓரம் கண்ணில் படட்டும்.

கே: ஒரு அவுட், முதல் மற்றும் மூன்றாவது பேஸில் ரன்னர்கள். கேட்ச் பிடிச்சாங்க. மூணாவது ரன்னர் வந்து ஸ்கோர் பண்ணிட்டார். முதல் பேஸ் ரன்னர் திரும்பறதுக்குள்ள பந்து போயிடுச்சு, மூணாவது அவுட். ரன் உண்டா?

ப: கேட்ச் ஆனதும் ரன்னர்கள் தங்கள் பேஸைத் தொட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். பந்து முதல் பேஸுக்குப் போகும் முன் மூன்றாவது பேஸ் ரன்னர் பிளேட்டைத் தொட்டிருந்தால் ரன் உண்டு. மூன்றாவது அவுட் ஃபோர்ஸாகவோ, பேட்டர் முதல் பேஸை அடையும் முன்போ வந்தால்தான் ரன் போகும். திரும்பி வரும் ரன்னரின் பேஸை மிதிப்பது பார்க்க ஃபோர்ஸ் மாதிரி இருந்தாலும் ஃபோர்ஸ் இல்லை. பிளேட் அம்பயர் கோட்டை ஒட்டி நின்று எது முந்தியது என்று பார்த்து ஸ்கோரரிடம் உரக்கச் சொல்ல வேண்டும்.

கே: தப்பான பேட்டர் வந்து அடிச்சிட்டா?

ப: அம்பயர் வாய் திறக்கக் கூடாது. 3-ஆம் ஆள் ஆட வேண்டிய இடத்தில் 4-ஆம் ஆள் வந்து சிங்கிள் அடித்தார் என்று வையுங்கள். அடுத்த பிட்சுக்கு முன் எதிரணி மேனேஜர் சொன்னால், அவுட் ஆவது வராமல் போன 3-ஆம் ஆள். சிங்கிள் ரத்து. அடுத்து வருவது யார்? மறுபடியும் அதே 4-ஆம் ஆள்! யாரும் சொல்லாமல் அடுத்த பிட்ச் போய்விட்டால் சிங்கிள் செல்லுபடி, 5-ஆம் ஆள் வருவார். தப்பான ஆள் பேட் செய்துகொண்டிருக்கும்போதே கண்டுபிடித்தால் சரியான ஆள் அதே பால், ஸ்டிரைக் கணக்கோடு தொடர்வார், தண்டனை இல்லை.

கே: பிட்ச் எண்ணிக்கை அம்பயர் வேலையா?

ப: எண்ணுவதற்குத் தனி ஆள். ஆனாலும் எல்லை தெரிந்திருக்க வேண்டும்: 9–10 வயதுக்கு ஒரு நாளில் 75, 11–12 வயதுக்கு 85. எல்லையைத் தொடும்போது நிற்கும் பேட்டரை முடிக்கலாம். 41 அல்லது அதற்கு மேல் வீசியவர் அன்று கேட்சராக முடியாது. நான்கு இன்னிங்ஸ் கேட்சராக இருந்தவர் அன்று வீச முடியாது.

கே: மேனேஜர் கத்திக்கிட்டே வந்தா என்ன பண்றது சார்?

ப: கை தூக்கி டைம் சொல்லுங்கள். மேனேஜர் ஒருவரோடு மட்டும், கூட்டத்துக்கு எட்டாத இடத்தில் பேசுங்கள். சேஃப், அவுட், ஸ்டிரைக் எல்லாம் தீர்ப்பு. அதில் புகாருக்கு இடமில்லை, ‘நான் பார்த்தது இது’ என்று ஒரு தடவை சொன்னால் போதும். விதியைத் தவறாகப் பயன்படுத்தியதாகச் சொன்னால் காது கொடுங்கள், கூட்டாளி அம்பயரோடு தனியாகப் பேசி, வேண்டுமென்றால் மாற்றுங்கள். புரொட்டெஸ்ட் (விதி பற்றிய முறையான ஆட்சேபம்) என்றால் அடுத்த பிட்சுக்கு முன் வர வேண்டும். பார்வையாளர்களோடு நேரடியாகப் பேசவே வேண்டாம், அவர்களை அடக்குவது அந்த அணி மேனேஜரின் பொறுப்பு.

கே: முதல் ஆட்டத்துக்கு என்னென்ன வாங்கணும்?

ப: குரல்வளைக் காப்பு தொங்கும் முகமூடி, மார்புக் காப்பு, கால் காப்பு, கப் (இடுப்புக்குக் கீழே காக்கும் காப்பு), கிளிக்கர் (பால், ஸ்டிரைக் எண்ணும் சிறு கருவி), பிளேட் துடைக்கும் சிறு பிரஷ், பந்துப் பை. பெரும்பாலும் லீக் அலமாரியிலேயே கிடைக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். கிளிக்கரை இடக்கையில் வைத்தால் வலக்கையால் சைகை காட்டலாம். பிளேட்டைத் துடைக்கும்போது முதுகை மைதானத்தின் பக்கம் திருப்பிக் குனியுங்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு வேறு காட்சி கிடைக்கக் கூடாது.

இடி கேட்டால் உடனே எல்லோரையும் மைதானத்தை விட்டு வெளியேற்றுங்கள். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம். நடுவில் இன்னொன்று கேட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள்.