குழு சைக்கிள் பயணத்தின் நடுவே உடம்பு முடியாமல் போனால்

வெளிநாட்டில் பல வாரம் குழுவாகச் சைக்கிள் ஓட்டப் போகிறீர்கள், நடுவில் நோய் வந்தால் மற்றவர்களுக்குப் பாரமாகிவிடுவோமோ, எப்படியாவது சமாளித்து ஓட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காய்ச்சல் இருந்தால் ஓட்டக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை. சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்கும். அந்த நேரத்தில் மலையேற்றத்தில் உடம்பை வருத்தினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். மூக்கடைப்பு, லேசான தொண்டைக் கரகரப்பு மட்டும் என்றால் மெதுவாக ஓட்டலாம். நெஞ்சுச் சளி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு என்றால் குழுவோடு கூடவே வரும் சப்போர்ட் வேனில் ஏறிவிடுங்கள்.

எனக்கு வந்தது காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து. இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் குழுவை நடத்துபவரிடம் சொல்லிவிட்டு வேனில் படுத்துக்கொண்டேன். அவ்வளவு நாள் காத்திருந்த கணவாயை எல்லோரும் மிதித்து ஏற, நான் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டியிருந்தது. அழுகையே வந்துவிட்டது. ஆனால் மதியம் வண்டி நின்றபோது யாரும் என்னைக் குறைவாகப் பார்க்கவில்லை. ஒருவர் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கலக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். அதே பயணத்தில் இன்னொருவர் தலைசுற்றலை வெளியே சொல்லாமல் ஓட்டினார். இறக்கத்தில் அவர் சைக்கிள் தடுமாறியது, பின்னால் ஒட்டி வந்தவர்கள் நூலிழையில் தப்பினார்கள். அன்றைக்குக் குழு முழுவதும் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், பாரமாவது நோய் அல்ல, அதை மறைப்பதுதான்.

வயிறுதான் பெரும்பாலும் காலை வாரும், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஓஆர்எஸ் பாக்கெட்டுகளைச் சைக்கிள் பையிலேயே வைத்திருங்கள். தீர்ந்துவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. குடல் சர்க்கரையை உறிஞ்சும்போது உப்பும் கூடவே உள்ளே போகும், அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதில் அந்தப் பலன் கிடைக்காது. வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை அதிகக் காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் தொடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். பயணத்துக்கு என்று பலர் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை வாங்கி வைப்பார்கள். அந்த வகை மருந்துகள் தசைநாரைப் பாதிக்கலாம், குதிகால் நார் அறுந்துபோகக்கூட வாய்ப்புண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-லேயே இதற்குக் கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. இதைச் சாப்பிட்டால் வெயிலில் தோலும் எளிதில் வெந்துபோகும். நாள் முழுக்க வெயிலில் மிதிக்கப் போகிறேன் என்று மருத்துவரிடம் சொல்லி, உங்களுக்குப் பொருத்தமான வேறு மருந்து இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள்.

குழுவில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் பரவும். வாந்தி, பேதியைக் கொண்டுவரும் நோரோவைரஸை ஆல்கஹால் ஜெல் சரியாகக் கொல்லாது, சோப்புப் போட்டுக் கழுவத்தான் வேண்டும். வாந்தி, பேதி நின்ற பிறகும் 48 மணி நேரம் பொதுச் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். தின்பண்டப் பையில் ஆளாளுக்குக் கை விடாமல் உள்ளங்கையில் கொட்டிக்கொள்வது நல்லது. தண்ணீர் பாட்டிலின் வாயையும் கவனியுங்கள். முன்சக்கரம் வாரியடிக்கும் சேற்றில் கால்நடைச் சாணம் கலந்திருக்கும். 2007-இல் கனடாவில் ஒரு மலை சைக்கிள் பந்தயத்துக்குப் பிறகு பலருக்கு கேம்பைலோபாக்டர் என்ற குடல் பாக்டீரியா தொற்று வந்தது, காரணம் அந்தச் சேறுதான் என்று கண்டுபிடித்தார்கள். மூடி போட்ட பாட்டில் வாங்குங்கள்.

திரும்ப எப்போது ஏறலாம்? மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், சாப்பாடு வயிற்றில் தங்க வேண்டும், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். முதல் நாள் பாதி தூரம் போதும், ஏற்றம் அதிகமில்லாத பாதியைத் தேர்ந்தெடுங்கள். நான் மதியம் வரை ஓட்டிவிட்டு மறுபடி வேனில் ஏறினேன், அடுத்த நாள் கால்கள் பழையபடி சுற்றின.

காப்பீட்டு நிறுவனத்தின் அவசர உதவி எண்ணை எழுதி, உங்களிடம் ஒன்றும் குழுவை நடத்துபவரிடம் ஒன்றுமாக வைத்துவிடுங்கள். மருத்துவமனையில் சேர்ந்தால் முதல் வேலையாக அங்கே கூப்பிட வேண்டும், அப்போது நீங்கள் பேசும் நிலையில் இல்லாமலும் இருக்கலாம்.