காய்ந்த எண்ணெயில் ஓடிய பிழைப்பு

கேள்வி: எங்கள் கடைத்தெருவில் பல வருடமாக இருந்த வாட்ச் ரிப்பேர் கடையை மூடிவிட்டார்கள். அதே இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. சின்ன ஊர்க் கடைகள் இப்படி மாறுவதற்கு ஆன்லைன் வியாபாரம்தான் காரணமா?

பதில்: எல்லாப் பழியையும் ஆன்லைன் தலையில் கட்டாதீர்கள். வாட்ச் கடைக்கு வினை பிறந்தது 1969 கிறிஸ்துமஸ் அன்று. ஜப்பானில் சீகோ நிறுவனம் 'அஸ்ட்ரான்' என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை (சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரியில் ஓடும்) விற்பனைக்கு விட்டது அன்றுதான். சாவி கொடுக்கும் வாட்சுக்குள் இருக்கும் எண்ணெய் சில வருடத்தில் காய்ந்துபோகும், முள் பின்தங்கும், நாம் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவோம். ரிப்பேர்க்காரரின் பிழைப்பு பெரும்பாலும் அந்தக் காய்ந்த எண்ணெயில்தான் ஓடியது. குவார்ட்ஸ் வாட்சில் பேட்டரி தீர்ந்தால் மாற்ற வேண்டும், ஐந்து நிமிட வேலை. அப்புறம் செல்போன் வந்து, மணி பார்க்கக் கையைத் திருப்பும் பழக்கமே போய்விட்டது.

சின்ன வயதில் அப்பாவின் வாட்சை ஆர்வக்கோளாறில் திறந்து, ஒரு திருகைத் தொலைத்தவன் நான். ரிப்பேர்க்காரர் ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, கடுகைவிடச் சின்னதாக ஒரு திருகை ட்வீசரில் எடுத்தார். "பேசாதே தம்பி, மூச்சுல பறந்துடும்" என்றார். போன மாதம் போனில் சார்ஜ் ஏறவில்லை என்று செல்போன் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். அதே ட்வீசர், அதே முதுகு வளைவு. லென்ஸ் இருந்த இடத்தில் மைக்ராஸ்கோப். இந்தக் கடைக்காரத் தம்பி என்னைப் பேசவிட்டார், அதுதான் வித்தியாசம்.

கேள்வி: போட்டோ ஸ்டுடியோவைக் கெடுத்ததும் செல்போன்தானே?

பதில்: பாதி சரி. பிலிமுக்கு ஆப்பு தயாரானது பிலிம் விற்ற வீட்டிலேயே. 1975-ல் டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டிய ஸ்டீவன் சாசன், பிலிம் விற்ற கோடாக் நிறுவனத்தின் இன்ஜினியர். ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட்டில் பதிய 23 நொடி ஆனது. 2012-ல் கோடாக் திவால் மனு போட்டது. பிலிம் கழுவும் வேலை போனாலும் பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆல்பமும் ஸ்டுடியோவிடம் இன்னும் இருக்கின்றன.

கேள்வி: அடுத்து மூடப்போவது எந்தக் கடை?

பதில்: எனக்கு ஜோசியம் வராது. முடிவெட்டும் கடைக்காரர் மட்டும் நிம்மதியாகத் தூங்கலாம். தலையைப் பார்சல் கட்டி அனுப்ப முடியாதே.