மூன்று சர்வர் இருந்தும் ரசீது காணாமல் போவது ஏன்?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை வாங்கும் நிலையம் நடத்துகிறோம். எடைமேடை ரசீது, சிறு தோட்டக்காரர்களின் கணக்கு எல்லாம், ஒரே தரவைப் பல சர்வரில் பிரதியாக வைக்கும் மரியாடிபி கலேரா தரவுத்தளத்தில் இருக்கின்றன. உபுண்டு ஓடும் மூன்று சர்வர்கள். அமைத்துக் கொடுத்தவர், சர்வர் வேலைகளைத் தானாகச் செய்யும் அன்சிபிள் ஸ்கிரிப்டுகளையும் (பிளேபுக்) கையில் கொடுத்துவிட்டுப் போனார். முதல் சர்வர் பின்கட்டு ஸ்டோரில், பழைய யுபிஎஸ்ஸில். மற்ற இரண்டும் அலுவலகத்தில், எடைமேடை கவுண்டரோடு சேர்த்துப் புது யுபிஎஸ்ஸில். சாயங்கால இடிமழையில் கரண்ட் போய் வந்தால் மூன்றும் தானாக எழுவதில்லை. ‘மீட்பு’ பிளேபுக்கை ஓட்டினால் எழுகின்றன. ஆனால் கரண்ட் இல்லாத நேரத்தில் கிராணி போட்ட கடைசி ரசீதுகள் கணினியில் இல்லை; காகித நகல் மட்டும் இருக்கிறது. மூன்று பிரதி இருந்தும் எப்படித் தொலையும்? பிளேபுக்கை இணைத்திருக்கிறேன்.

பதில்: ரசீதுகளை அழிப்பது அந்த மீட்பு பிளேபுக்தான். அது செய்வது இவ்வளவுதான். முதல் சர்வரில், கலேரா தன் நிலையைக் குறித்துவைக்கும் கிராஸ்டேட்.டாட் கோப்பைத் திறந்து ‘சேஃப் டு பூட்ஸ்ட்ராப்’ (இங்கிருந்து தொடங்கலாம்) வரியை 1 ஆக்குகிறது. மற்ற இரண்டிலும் அதே கோப்பை நீக்குகிறது. பிறகு முதல் சர்வரில், புதுத் தொகுதியை (சர்வர் கூட்டத்தை) தொடங்கும் ‘கலேரா நியூ கிளஸ்டர்’ கட்டளையைக் கொடுத்து, மற்றவற்றை அதன் பின்னால் சேர்க்கிறது. இன்வென்டரியில் (சர்வர் பட்டியலில்) முதலில் இருப்பதுதான் தலை என்று எழுதியவர் முடிவு செய்துவிட்டார். கலேராவில் அப்படி நிரந்தரத் தலை எதுவும் கிடையாது.

உங்கள் இடத்தில் நடப்பதை வரிசையாகப் பாருங்கள். கரண்ட் போனதும் பழைய பேட்டரி சில நிமிடங்களில் கைவிட, முதல் சர்வர் சட்டென்று விழுகிறது. மற்ற இரண்டும் மூன்றில் இரண்டு. பெரும்பான்மை இருப்பதால் வேலை தொடர்கிறது. கிராணி ரசீது போட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த ரசீதுகள் இரண்டு சர்வரில் ஏறுகின்றன, முதலாவதில் இல்லை. புது யுபிஎஸ் தீரும் நேரத்தில் சிக்னல் கொடுக்க, அந்த இரண்டும் முறைப்படி அணைகின்றன. கடைசியாக வெளியேறும் சர்வர் தன் கிராஸ்டேட் கோப்பில் 1 என்று எழுதிவைத்துவிட்டுத்தான் போகிறது. எந்தச் சர்வரிலிருந்து தொடங்க வேண்டும் என்ற விடை வட்டிலேயே கிடக்கிறது. பிளேபுக் அதைப் படிக்காமல் மேலே எழுதிவிடுகிறது.

கலேரா இதற்கு இரண்டு பூட்டுகள் போட்டிருக்கிறது. கோப்பில் 0 என்றிருக்கும் சர்வரில் புதுத் தொகுதியைத் தொடங்கச் சொன்னால், கடைசியாக வெளியேறியது நான் அல்ல, இங்கிருந்து தொடங்குவது பாதுகாப்பாக இருக்காது என்று மறுத்துவிடும். அதையும் மீறித் தொடங்கினால், அதிகத் தரவு வைத்திருக்கும் சர்வர் சேர வரும்போது, என் வரிசை எண் தொகுதியின் எண்ணைவிடப் பெரியது, தரவு இழப்பைத் தவிர்க்க நின்றுகொள்கிறேன் என்று பதிவில் எழுதி அணைந்துவிடும். முதல் பூட்டை உங்கள் பிளேபுக் 1 எழுதி உடைக்கிறது. இரண்டாவதைக் கோப்பை நீக்கி உடைக்கிறது. கோப்பு இல்லாத சர்வர் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று நினைத்து, தன் தரவு அடைவைத் துடைத்துவிட்டு முதல் சர்வரின் முழுப் பிரதியை வாங்கிக்கொள்கிறது. இதற்குப் பெயர் எஸ்எஸ்டி. ரசீதுகள் போவது அந்தக் கட்டத்தில். ஏற்கெனவே போனவற்றைக் காகித நகலைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

அடுத்த முறை கரண்ட் வந்ததும் கையால் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். ஸ்கிரிப்ட் பிறகு.

மூன்றிலும் மரியாடிபி ஓடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். சேர முயன்றுகொண்டே இருந்தால் நிறுத்துங்கள். இடம் இருந்தால் தரவு அடைவை மூன்றிலும் வேறொரு வட்டில் நகலெடுங்கள். இந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். பிறகு ஒவ்வொன்றிலும் கிராஸ்டேட்டைப் பாருங்கள். முறையாக அணைந்த சர்வரில் இப்படி இருக்கும் (யுயுஐடி என்பது தொகுதியின் அடையாளம், சீக்நோ என்பது கடைசிப் பரிவர்த்தனையின் வரிசை எண்):

யுயுஐடி: (நீண்ட அடையாளம்)
சீக்நோ: 48977
சேஃப் டு பூட்ஸ்ட்ராப்: 1

சட்டென்று விழுந்த சர்வரில் யுயுஐடி அதேதான், ஆனால் சீக்நோ -1, கடைசி வரி 0. இந்த -1 ஐப் பார்த்து ‘ஒன்றும் இல்லை’ என்று எண்ண வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பில் -1 தான் இருக்கும். முறையாக அணையும்போதுதான் உண்மையான எண் எழுதப்படும். உண்மையான எண் இன்னோடிபி என்ற தரவுச் சேமிப்பகத்துக்குள் இருக்கிறது. ‘கலேரா ரெகவரி’ கட்டளையை ஓட்டினால் யுயுஐடியும் எண்ணும் சேர்ந்து வெளிவரும். முதல் சர்வரில் 48213 என்று வரலாம். 48977 பெரியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 764 எழுத்துப் பரிவர்த்தனைகளுக்குள்தான் உங்கள் ரசீதுகள் இருக்கின்றன.

யுயுஐடி மூன்றிலும் ஒன்றாக இருந்தால் மட்டுமே எண்களை ஒப்பிடலாம். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தச் சர்வர் எப்போதோ தனியாகப் புதுத் தொகுதி தொடங்கியிருக்கலாம். அதன் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பொருட்படுத்தக் கூடாது. அப்போது எதையும் தொடங்காமல், இரு பக்கத்துத் தரவையும் தனியே எழுப்பிக் கைப்பட ஒப்பிட வேண்டும்.

பெரிய எண் உள்ள சர்வரில் தொகுதியைத் தொடங்குங்கள். அதன் கோப்பில் 0 இருந்தால் அங்கே மட்டும் 1 ஆக்கலாம். தொகுதி அளவு 1, நிலை ‘பிரைமரி’ (எழுத உரிமையுள்ளது), ‘ரெடி’ ஆன் என்று மூன்றும் வந்ததும், எண் அதற்கு மிக அருகில் உள்ள சர்வரைச் சேருங்கள். உங்களுக்கு அது அலுவலகத்தில் உள்ள மற்றது. எண் சமமாக இருந்தால் நகலெடுக்க வேலையே இல்லை; உடனே ‘சிங்க்ட்’ (சமநிலை) என்று வரும், கவுண்டரைத் திறந்துவிடலாம். ஸ்டோரில் உள்ள முதல் சர்வரைக் கடைசியாக, கூட்டம் குறைந்த பிறகு சேருங்கள். அதற்கு முழுப் பிரதி நகலாகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அன்சிபிள். கட்டுவது, மாற்றுவது, மீட்பது மூன்றுக்கும் தனித்தனி பிளேபுக் வையுங்கள். ஒன்றின் டாஸ்க் இன்னொன்றில் நுழையக் கூடாது.

கட்டும் பிளேபுக்கில் தொகுதியைத் தொடங்கும் டாஸ்க் ஒரே நிலையில்தான் ஓட வேண்டும்: மூன்று சர்வரின் தரவு அடைவிலும் பழைய தரவு எதுவும் இல்லை, மூன்றிலும் 4567 போர்ட் பதில் சொல்லவில்லை. கட்டமைப்புக் கோப்பின் டெம்ப்ளேட்டையும் பாருங்கள். முதல் சர்வரின் தொகுதி முகவரியில் ‘ஜிகாம்’ என்ற முன்னொட்டுக்குப் பின் ஒன்றும் இல்லாமல் விட்டிருப்பார்கள், முதன்முறை எழுப்புவதற்காக. அதை அப்படியே விட்டால், அந்தச் சர்வர் எப்போது மறுதொடக்கமானாலும் மற்றவற்றோடு சேராமல் தனிக்குடித்தனம் போகவே முயலும். மூன்றிலும் மூன்று முகவரிகளும் இருக்க வேண்டும். நான்கு போர்ட்களும் திறந்திருக்க வேண்டும்: 3306, 4567, 4568, 4444. முழுப் பிரதி போகும் நான்காவதைத்தான் பெரும்பாலும் மறப்பார்கள். தொகுதி கூடியது போலத் தெரியும். புதிதாகச் சேரும் சர்வர் மட்டும் நகலுக்காகக் காத்திருந்து விழும். நகலெடுக்கும் மரியாபேக்கப்பும் அதை அனுப்பும் சோகேட்டும் மூன்றிலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். நகலெடுக்கும் பயனரின் கடவுச்சொல் இப்போது உங்கள் கோப்பில் வெறுமனே கிடக்கிறது. அதை மறையாக்கிப் பூட்டும் அன்சிபிள் வால்ட்டுக்குள் போடுங்கள்.

மாற்றும் பிளேபுக்கில் உங்களிடம் இன்னொரு கண்ணி இருக்கிறது. இன்னும் கால் படவில்லை, அவ்வளவுதான். கட்டமைப்புக் கோப்பு மாறினால் மரியாடிபியை மறுதொடக்கம் செய் என்று ஒரு ஹாண்ட்லர். ஒரே நேரத்தில் எத்தனை சர்வர் என்று சொல்லும் ‘சீரியல்’ வரி இல்லாததால் அது மூன்று சர்வரிலும் ஒரே நேரத்தில் ஓடும். கரண்ட் இருக்கும்போதே முழுத் தொகுதியையும் நீங்களே அணைத்துவிடுவீர்கள். சீரியலை 1 ஆக்குங்கள், தோல்விச் சதவீதத்தை 0 ஆக்குங்கள். ஒவ்வொரு சர்வரும் ‘சிங்க்ட்’ என்று சொல்லும்வரை அடுத்ததைத் தொடாதபடி காத்திருக்கும் டாஸ்க் வேண்டும்; 10 நொடி இடைவெளியில் 60 முறை கேட்டால் பத்து நிமிடம் கிடைக்கும், உங்கள் தரவு அளவுக்குத் தாராளம். சர்வீஸ் எழுந்துவிட்டதா என்று மட்டும் பார்த்து நகரும் ஸ்கிரிப்டுகள் நிறைய உலவுகின்றன. எழுந்திருப்பது வேறு, சமநிலைக்கு வந்திருப்பது வேறு.

மீட்பு பிளேபுக் சர்வரைத் தொடங்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. மூன்று கிராஸ்டேட்டையும் படிக்கட்டும், -1 உள்ள இடத்தில் ரெகவரியை ஓட்டட்டும், யுயுஐடி ஒன்றா என்று சொல்லட்டும், எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டி நிற்கட்டும். எந்தச் சர்வர் என்று ஆள் பெயரைத் தட்டச்சு செய்த பிறகே அடுத்த கட்டம். மூன்றில் ஒன்றை எட்ட முடியாவிட்டால் பிளேபுக் அங்கேயே நிற்க வேண்டும். எட்டாத அந்த ஒன்றில்தான் கடைசி ரசீது இருக்கலாம். கோப்பை நீக்கும் டாஸ்க்கை இன்றே எடுத்துவிடுங்கள்.

யுபிஎஸ் விஷயத்தில் மலிவான திருத்தம் ஒன்று உண்டு. ஸ்டோரில் உள்ள பேட்டரியை மாற்றுங்கள். அது செத்துப்போனதுதான் முழுக் கதைக்கும் தொடக்கம். பிறகு யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் மென்பொருளின் டைமரைக் கொண்டு சர்வர்களை வரிசையாக அணையுங்கள். கரண்ட் போய் 3 நிமிடத்தில் ஸ்டோர் சர்வர், 6 இல் அலுவலகத்தின் ஒன்று, கவுண்டர் பேசும் சர்வர் கடைசியில். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அளந்து, அதில் பாதிக்குள் எல்லாவற்றையும் முடியுங்கள். முறையாக விடைபெறும் சர்வரைக் கலேரா கணக்கிலிருந்து கழித்துவிடும், அதனால் மீதம் ஒன்றே ஒன்று இருந்தாலும் அது பிரைமரியாகவே நிற்கும். இரண்டு இருக்கையில் ஒன்று சட்டென்று விழுந்தால் நிலைமை வேறு: மிச்சமிருப்பது பாதிதான், பெரும்பான்மை இல்லை, எழுதுவதை நிறுத்திவிடும்.

உங்கள் டெம்ப்ளேட்டில் இன்னோடிபி பதிவை வட்டில் எழுதும் அமைப்பு 2 என்று இருக்கிறது. வேகத்துக்காகக் கலேராவில் இப்படி வைப்பது வழக்கம்; ஒரு சர்வர் விழுந்தாலும் மற்றவற்றில் தரவு இருக்கும் என்ற நம்பிக்கை. மூன்றும் ஒரே கட்டடத்தில், ஒரே மின்கம்பியில் இருக்கும்போது அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. மூன்றும் சேர்ந்து விழுந்தால் கடைசி ஒரு நொடி எல்லாவற்றிலும் போகலாம். 1 ஆக்குங்கள். எடைமேடையில் லோரி ஏறி இறங்கும் வேகத்துக்கு அந்தத் தாமதம் தெரியவே தெரியாது.

மூன்றாவதைப் பக்கத்து நகரமான ஈப்போவுக்கு மாற்றலாமா என்று கேட்பீர்கள். மாற்றலாம், விபிஎன் வழியாக. ஒவ்வொரு கமிட்டும் (எழுதியதை உறுதிசெய்வதும்) தொலைவில் உள்ள உறுப்பினருக்குப் போய்வரும் நேரத்தைச் சுமக்கும். அந்தத் தூரத்துக்கு அது பொறுக்கத்தக்கது. இணையம் அறுந்தால் சுங்கை சிப்புட்டின் இரண்டும் பெரும்பான்மையாகத் தொடரும். முழுச் சர்வருக்குப் பதில் கார்ப்டி என்ற நடுவரை மட்டும் வைக்கலாம் என்றும் சொல்வார்கள். அது வாக்களிக்கும், ஆனால் தரவு வைத்திருக்காது. யாருக்கும் நகல் தர முடியாது. இடியில் கட்டடத்தின் இரண்டு வட்டும் கருகினால் நடுவரால் என்ன பயன்? உண்மையான சர்வரையே வையுங்கள்.

இன்னும் இரண்டு சிறு விஷயங்கள். ரசீது எண் தொடராமல் தாவித் தாவிப் போகிறது என்று பிளேபுக்கின் குறிப்பில் யாரோ எழுதியிருக்கிறார்கள். அது பிழையில்லை. இரண்டு சர்வர் ஒரே எண்ணைக் கொடுத்துவிடாமலிருக்க, தானேறும் எண்ணைக் கலேரா தொகுதி அளவுப்படி தாவவிடும். தணிக்கைக்குத் தொடர் எண் வேண்டுமானால் ரசீது எண்ணைத் தனி அட்டவணையில் வைத்து நிரலிலிருந்து கொடுங்கள். பழைய எடைமேடை மென்பொருள் ஏதாவது மைஐசாம் (பழைய சேமிப்பு வகை) அட்டவணை விட்டுச் சென்றிருக்கிறதா என்றும் பாருங்கள். இயல்பு அமைப்பில் அவை மற்ற சர்வர்களுக்கு நகலாவதில்லை. இன்னோடிபிக்கு மாற்றி, முதன்மைச் சாவி இல்லாதவற்றுக்கு ஒன்று சேருங்கள்.

தினசரி மரியாபேக்கப்பைத் தனியாக எடுத்து வேறு இடத்தில் வைப்பது இவை அனைத்துக்கும் மேல். யாராவது தவறாக ஓர் அட்டவணையை நீக்கினால் கலேரா அதை மூன்று சர்வரிலும் உடனே, ஒழுங்காக நீக்கித் தரும். மாற்றங்கள் முடிந்ததும், குலை வரத்து இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுப் பேக்கப் எடுத்துவிட்டு ஸ்டோர் சர்வரின் பிளக்கைப் பிடுங்குங்கள். பத்துச் சோதனை ரசீது போட்டு, அலுவலக யுபிஎஸ்ஸின் பிளக்கையும் பிடுங்கி, வரிசையாக அணைகின்றனவா என்று பாருங்கள். மீட்பு பிளேபுக் எந்தச் சர்வரைச் சுட்டுகிறது, எழுப்பிய பின் பத்து ரசீதும் மூன்றிலும் இருக்கின்றனவா என்பதைக் கிராணியே உட்கார்ந்து சரிபார்க்கட்டும்.