தொழில் தளரும் சிறு நகரத்துக்கு மேயரால் என்ன செய்ய முடியும்?

கொழும்பைச் சுற்றியுள்ள சிறு நகரங்களில் பழைய தொழில் தளர்ந்தால் மேயரோ தவிசாளரோ (நகர, பிரதேச சபைத் தலைவர்) என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வரிச்சலுகை, முதலீட்டுச் சபை எல்லாம் மத்திய அரசின் கையில். ஆனால் வியாபார உரிமம், பொதுச் சந்தை, உள்வீதி, குப்பை என்பவை உள்ளூராட்சிச் சபையின் பொறுப்பு. உரிமம் இழுபடாமல் கிடைத்தாலே சிறு பட்டறைக்குப் பாதிப் பாரம் குறையும்.

மொறட்டுவையைப் பாருங்கள். தளபாடத்துக்குப் பெயர்போன ஊர். கட்டுபெத்தையில் வடிவமைப்பும் கற்பிக்கிற பல்கலைக்கழகம். தச்சரையும் மாணவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கப் பெரிய நிதி எதற்கு? மேயர் கூப்பிட்டால் வருவார்கள்.

அப்புறம் சோலைவரி, அதாவது வீடு, கட்டடங்களின் மதிப்பை வைத்துச் சபை அறவிடும் வரி; சபையின் சொந்த வருமானம். அந்த மதிப்பீட்டைத் திருத்த, வாக்குப் போய்விடும் என்ற பயத்தில் சபைத் தலைவர்கள் தயங்குகிறார்கள். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் தெரிவானவர்கள் இதை முதல் ஆண்டிலேயே செய்திருக்க வேண்டும். தேர்தல் நெருங்கினால் யாரும் தொடமாட்டார்கள்.